விரல் நுனியில் ஓர் அமானிதம்



சென்ற றமழானில் ஒரு நாள் தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியைத் திறந்தேன். வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு சகோதரி, மெலிந்த முகம், முடியுதிர்ந்த தலையிலிருந்து துணி பாதி விலகிக் கிடக்கின்றது. கீழே, மூன்று பிள்ளைகளின் தாய், மார்புப் புற்றுநோய், அவசரமாகப் பணம் தேவை, அல்லாஹ்வுக்காகப் பகிருங்கள் என்றொரு வாசகமும் ஒரு வங்கிக் கணக்கு இலக்கமும் இருந்தன. அனுப்பியவர் வெளியூர் நண்பர், இரக்க குணம் உள்ளவர்.

அந்தச் சகோதரியை எனக்குத் தெரியும். அவர் எங்கள் ஊரைச் சேர்ந்தவர், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் ராத்தா. அவர் மௌத்தாகி அப்போது இரண்டு வருடங்கள் கடந்திருந்தன. ஜனாஸாத் தொழுகையில் நானும் நின்றிருந்தேன்.

எனது குற்றத்தை முதலில் சொல்லிவிடுகின்றேன். அந்தப் படத்தை ஆரம்பத்தில் பரப்பியவர்களுள் நானும் ஒருவன். தம்பிக்காரர் கலங்கிய முகத்தோடு வந்து நின்றபோது, எனக்குத் தெரிந்த குழுக்கள் அனைத்திற்கும் அதனை அனுப்பினேன். படம் போடுவதற்கு ராத்தா சம்மதித்தாரா என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு தேவை, எதற்காகத் தேவை என்று எழுதச் சொல்லவில்லை. திகதியும் போடவில்லை. பதினொரு நாட்களில் தேவையான தொகை சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போதும் என்று அறிவிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படம் மட்டும் ஊர் ஊராகப் பயணத்தைத் தொடர்ந்தது. நண்பர் அனுப்பியதில் இருந்த கணக்கு இலக்கம் அந்தக் குடும்பத்தினுடையதும் அல்ல. இடையில் யாரோ ஒருவன் இலக்கத்தை மாற்றி, மௌத்தாகிவிட்ட ஒரு பெண்ணின் பெயரால் ஸதகாவை வாங்கிக்கொண்டிருக்கின்றான்.

அவருடைய மூத்த மகள் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். வகுப்புத் தோழியின் வீட்டுத் தொலைபேசியில் அந்தப் படத்தைக் கண்டுவிட்டு வந்து, "உம்மாட தலைய ஏன் மாமா இன்னும் எல்லாருக்கும் காட்டுறாங்க?" என்று கேட்டாளாம். மாமா என்னிடம் வந்து சொன்னார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அப்படியென்றால் இந்தப் பகிர்வே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொல்ல மாட்டேன். இதன் பலனை எமது நாட்டிலேயே கண்டிருக்கின்றோம். 2016ஆம் ஆண்டில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் பெட் ஸ்கேன் இயந்திரம் இருக்கவில்லை. புற்றுநோய்க் கலங்கள் சீனியை அதிகமாக உறிஞ்சும். ஆகவே கதிரியக்கம் கலந்த ஒரு வகைச் சீனியை உடலில் ஏற்றி, அது எங்கெங்கே திரள்கின்றது என்று பார்த்து, நோய் எதுவரை பரவியிருக்கின்றது என்பதை அந்த இயந்திரம் காட்டித் தரும். ஏழை நோயாளி தனியார் ஆஸ்பத்திரியில் பெருந்தொகை கொடுத்துத்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. தன் மகனுக்கு இந்நோய் கண்டதனால் அந்த வாசலை மிதித்த ஒரு முஸ்லிம் தந்தை, கதீஜா பவுண்டேஷன் மூலம் 20 கோடி ரூபா திரட்டுவதென்று இறங்கினார். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் அந்த வேண்டுகோள் பரவியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி மக்கள் கொடுத்தார்கள். சில மாதங்களில் இலக்கு எட்டப்பட்டது. அந்த வேண்டுகோளைக் கவனித்துப் பாருங்கள். பொருள் ஒன்று, தொகை ஒன்று, போய்ச் சேரும் இடம் ஒன்று. எந்த நோயாளியின் முகத்தையும் நம்பி அது நிற்கவில்லை.

சீமையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014 மார்ச் மாதத்தில் பிரித்தானியப் பெண்கள் ஒப்பனையில்லாத தமது முகத்தைப் படமெடுத்துப் போட்டு, புற்றுநோய் ஆய்வு நிறுவனமொன்றுக்குக் குறுஞ்செய்தி மூலம் பணம் அனுப்பினார்கள். ஆறு நாட்களில் 80 இலட்சம் பவுண் சேர்ந்தது. முகத்தைக் காட்டித் தர்மம் கேட்கும் முறை எமக்கு உவப்பானதல்ல, அதை விட்டுவிடுவோம். எனக்குப் படிப்பினையாகத் தெரிந்தது வேறொன்று. அனுப்ப வேண்டிய சொல் 'பீட்' என்பதாகும். சிலர் அதற்குப் பதிலாக 'டொனேட்' என்று அனுப்பிவிட, பணம் யுனிசெப் நிறுவனத்துக்குப் போய்விட்டது. வேறு சிலருடைய தொலைபேசி அச்சொல்லைத் தானாகவே 'பெயார்' என்று திருத்திவிட, அவர்களுக்குப் பனிக்கரடியைத் தத்தெடுப்பது பற்றிய பதில் வந்ததாம்! ஒரு சொல் பிசகியதற்கே இப்படியென்றால், ஒரு கணக்கு இலக்கம் பிசகினால் என்னவாகும் என்று யோசியுங்கள்.

கேட்ட செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு சூரதுல் ஹுஜுராத் எமக்குக் கட்டளையிடுகின்றது. காதில் விழுந்ததையெல்லாம் சொல்லித் திரிவது ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி இருக்கின்றது. மத்ரஸாவில் இவ்விரண்டையும் வருடா வருடம் நான் பாடம் நடத்துகின்றேன். தொலைபேசி கைக்கு வந்ததும் மறந்துவிட்டேன். பகிர்வது சாட்சி சொல்வதைப் போன்றது. நீங்கள் அனுப்பினால், "அவர் அனுப்பியிருக்கிறார், சரியாகத்தான் இருக்கும்" என்று உங்களை நம்பித்தான் உங்கள் மச்சி காசு போடுகின்றார்.

எதை விசாரிப்பது? எமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இதை அறியாதவர்களும் எமக்குள் இருக்கின்றார்கள். ஆகவே பல இலட்சம் கேட்டு ஒரு செய்தி வந்தால், எந்த ஆஸ்பத்திரி, எதற்கு இவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை. அதற்காக, இலவசம்தானே என்று கையைக் கட்டிக்கொள்ளவும் முடியாது. கிழக்கிலிருந்து இரவு பஸ் ஏறி மஹரகமைக்குப் போகும் தாயும், துணைக்குப் போகும் கணவரும், அவர் இழக்கும் நாட்கூலியும், தங்குமிடமும் எல்லாம் பணம்தான். 2022இன் நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டு, வெளியே வாங்கி வருமாறு துண்டு எழுதிக் கொடுத்ததை நாம் மறக்கவில்லை. உண்மையான தேவை பெரும்பாலும் இப்படித்தான் சிறிது சிறிதாக இருக்கும். படத்தை விடவும் மருந்துத் துண்டுதான் அதை நன்றாகச் சொல்லும்.

எங்கள் மஹல்லாவில் இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கின்றோம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருவர் கிளினிக் கொப்பியைப் பார்த்து, தேவையை எழுத்தில் எடுக்கின்றார்கள். செய்தியில் தொகையும் முடிவுத் திகதியும் இருக்கும், படம் இருக்காது. பெண்ணாயின் பெயரும் இருக்காது. கணக்கு, நோயாளியின் குடும்பத்தவர் ஒருவருடையதாக இருக்க வேண்டும். தொகை சேர்ந்த அன்றே, போதும், இனி அனுப்ப வேண்டாம் என்ற அறிவித்தல் அதே குழுக்களுக்குப் போகும். படமில்லாமல் யார் கொடுப்பார்கள் என்று சிலர் வாதாடினார்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் சேர்கின்றது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் சேர்கின்றது. ஜனாதிபதி நிதியத்திலிருந்து மருத்துவ உதவி பெறுவதற்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதையும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுகின்றோம்.

ஸக்காத் பற்றியும் சகோதரிகள் கேட்கின்றார்கள். இயந்திரம் வாங்கவும் கட்டடம் கட்டவும் ஸக்காத் பணத்தைக் கொடுக்கலாமா? நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, அது குர்ஆன் கூறும் எட்டுக் கூட்டத்தாருக்கே உரியது. ஏழை நோயாளியின் கையில் கொடுங்கள், சிகிச்சைக்காகக் கடன்பட்டவருக்குக் கொடுங்கள். இயந்திரத்துக்கு ஸதகாவைக் கொடுங்கள்.

இனி, பணத்தை விடவும் முக்கியமென நான் கருதுவதற்கு வருகின்றேன். இதையெல்லாம் ஒரு மவ்லவி எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ராத்தாவுக்குக் கட்டி தென்பட்டு ஏழு மாதங்களின் பின்னர்தான் வீட்டாருக்கே தெரிய வந்தது. வலிக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று இருந்திருக்கின்றார். வெட்கம் ஒரு பக்கம். மறுபக்கம், கட்டு அனோதா இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் கரைந்துவிடும் என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தி. கீமோதெரபியை விடப் பத்தாயிரம் மடங்கு வலிமை என்று எழுதியிருந்ததாம். நோயாளியைச் சுகப்படுத்தியதாக அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதை அனுப்பியவரும் நன்மையை நாடித்தான் அனுப்பியிருப்பார், நான் படத்தை அனுப்பியது போல.

மார்புப் புற்றுநோய்தான் எமது நாட்டுப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. இருபது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் மாதம் ஒரு முறை, மாதவிடாய் முடிந்த சில நாட்களில் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்றவர்கள் ஏதாவது ஒரு திகதியை வைத்துக்கொள்ளலாம், பிறை ஒன்று என்று வைத்தால் மறக்காது. மார்பில் அல்லது கமக்கட்டில் கட்டி, தோடம்பழத் தோல் போன்று குழிவிழும் தோல், உள்ளிழுக்கும் காம்பு, இரத்தம் கலந்த கசிவு, இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த நாளே காட்ட வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, ஆனால் அதை வைத்தியர் சொல்ல வேண்டும். பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் சுகவனிதையர் கிளினிக் நடைபெறுகின்றது. முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையும் அங்கேயே இலவசமாகச் செய்யப்படும். பெண் வைத்தியர் கிடைக்காத இடத்தில், நிர்ப்பந்தத்துக்காக ஆண் வைத்தியரிடம் காட்ட மார்க்கம் இடமளிக்கின்றது. இதில் உலமாக்களிடையே சந்தேகமில்லை.

2017 முதல் பாடசாலையில் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு இரண்டு தடவையாகக் கொடுக்கப்படும் எச்.பீ.வீ. தடுப்பூசியையும் தடுக்காதீர்கள். பிள்ளைப்பேறு இல்லாமல் போய்விடும் என்று வந்த செய்தியை நம்பிச் சம்மதக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிய தாய்மாரை எனக்குத் தெரியும். அக்கதைக்கு அடிப்படை இல்லை. அது கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து பாதுகாப்பதற்கான ஊசி.

கல்யாண வீட்டு வெற்றிலை வட்டாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனிக் கட்டுரையாகிவிடும். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்பவர்களுக்கு ஒன்று. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்டிருக்கின்றது. வாயில் வெள்ளை, சிவப்புத் தழும்பு, ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் காட்டுங்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவில் இப்போது மாதப் பிறை ஒன்றில் ஒரு குரல் பதிவு போகின்றது. பேசுபவர் எங்கள் பகுதி மிட்வைப் மிஸ். இரண்டு நிமிடம்தான், படம் இல்லை. அதைப் பெண்கள் அவரவர் உம்மாவுக்கும் மாமிக்கும் போட்டுக் காட்டுகின்றார்கள். எழுத வாசிக்கத் தெரியாத மூத்தம்மாமாரும் கேட்கின்றார்கள். இந்த ஒழுங்கைச் செய்தவர் அந்த மாணவரின் மனைவி. மவ்லவிமார் அந்தக் குழுவில் இல்லை, இருக்கவும் கூடாது.

சென்ற மாதம் அதைக் கேட்டுவிட்டு மூன்று பேர் கிளினிக்குக்குப் போயிருக்கின்றார்கள். இருவருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவரை மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கின்றார்கள். கட்டி கச்சான் கொட்டை அளவுதானாம், போன மாதம்தான் தென்பட்டதாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது முடிவு வந்திருக்கும். பெயர் சொல்லாமலே அவருக்காக துஆச் செய்யுங்கள்.