தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி... இரும்புக் கோழியைச் சுடுமா?

ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தா அந்தக் காலத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் வேட்டைக்குப் போனவர். அவர் இறந்துவிட்டார். உரிமத்தோடு வாங்கிய ரைஃபிள் மட்டும் வீட்டில் இருக்கிறது. பேரனுக்கு வேட்டையில் விருப்பம் இல்லை. ஆனால், குறி பார்த்துச் சுடும் விளையாட்டு என்றால் கண் விரிகிறது. துப்பாக்கியை மொத்தமாக ஒப்படைத்துவிடுவதா, விளையாட்டுக்கு மாற்றிக்கொள்வதா?

வேட்டைக்கு அது இனி ஆகாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல், காடை, கவுதாரி என எதைச் சுட்டாலும் வழக்குதான்.

ஆனால், வேட்டைத் துப்பாக்கியை அப்படியே விளையாட்டுக்குத் திருப்பிய நாடு ஒன்று உண்டு. மெக்ஸிகோ! அங்கே ஊர்த் திருவிழாக்களில் கோழி, பன்றி, வான்கோழி, ஆடு ஆகியவற்றைத் தொலைவில் கட்டிவைத்துச் சுடுவார்களாம். முதலில் ரத்தம் பார்த்தவருக்கு அந்த விலங்கே பரிசு. கொடூரம்தான். பிறகு உயிருள்ள விலங்குக்குப் பதிலாக அதே உருவத்தில் இரும்புத் தகடு வந்தது. 1948-ல் மெக்ஸிகோ சிட்டியில் இப்படி முதல் போட்டியை நடத்தியவராக கொன்சாலோ அகிலாரின் பெயரைச் சொல்கிறார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். இன்று பறப்பது களிமண் தட்டு. அதே மாதிரி மாற்றம்தான் இதுவும்.

இந்த விளையாட்டுக்குப் பெயர் மெட்டாலிக் சிலூட். 200 மீட்டரில் கோழி, 300-ல் பன்றி, 385-ல் வான்கோழி, 500-ல் ஆட்டுக்கடா. ஒவ்வொன்றுக்கும் 10 குண்டு, மொத்தம் 40. குண்டு பட்டால் போதாது, தகடு நிறுத்திய இடத்திலிருந்து விழ வேண்டும். நின்றபடிதான் சுட வேண்டும். துப்பாக்கியைத் தாங்க வார் கூடாது, முட்டு கூடாது, தடித்த ஷூட்டிங் கோட்டும் கூடாது. வரிசையாக நிற்கும் 5 உருவங்களுக்கு இரண்டரை நிமிடம். அதுவும் இடமிருந்து வலமாக, வரிசை மாறாமல்!

இங்கேதான் தாத்தாவின் துப்பாக்கி திணறும். காட்டில் ஒரு குண்டு, மிஞ்சினால் இரண்டு. அவ்வளவுதான் அதன் வேலை. தூக்கிக்கொண்டு நடக்க வசதியாகப் பேரல் மெலிதாக இருக்கும். தொடர்ந்து ஐந்து குண்டு போனால் அந்த மெல்லிய பேரல் சூடேறி, அடுத்த குண்டு வேறு இடத்தில் விழும். அதனால் பேரல் மரக்கட்டையில் உரசாதபடி இடைவெளி விட்டுச் செதுக்குவார்கள். துப்பாக்கியின் இயங்குபகுதி கட்டையில் ஆடாமல் உட்கார எபாக்ஸி பசை போட்டு இறுக்குவார்கள். செலவு குறைவு, பலன் அதிகம். எதில் தொடங்கலாம் என்றால், இதில்தான்.

அடுத்தது கன்னம். பழைய வேட்டை ரைஃபிளின் கட்டை, இரும்புக் குறிமுனையைப் பார்ப்பதற்காகத் தாழ்வாக இருக்கும். மேலே ஸ்கோப் மாட்டினால் கண்ணை உயர்த்த வேண்டும்; உயர்த்தினால் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். கன்னம் ஒரே இடத்தில் படியாவிட்டால் குறியும் ஒரே இடத்தில் நிற்காது. கட்டையின் மேல்பகுதியைத் தோல் பட்டை கட்டி உயர்த்தினாலே பாதிப் பிரச்னை தீரும். ஆரணி நெசவாளர்களுக்கு இது சட்டென்று புரியும். டிசைன் மாறினால் தறியையா மாற்றுகிறார்கள்? ஜக்கார்டு அட்டையைத்தானே!

ஸ்கோப்பும் மாற வேண்டும். வேட்டைக்கு 4 மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும். 500 மீட்டரில் நிற்கும் கடாவுக்கு அது போதாது. முக்கியமாக, ஒவ்வொரு தூரத்துக்கும் குமிழைத் திருகி குறியை ஏற்றி இறக்க வேண்டும். எத்தனை 'கிளிக்' என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்வார்கள்.

டிரிகர் விஷயத்தில் ஆசைக்கு அளவு வைத்திருக்கிறார்கள். இந்தப் போட்டியில் வேட்டை ரைஃபிளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஸ்கோப்போடு சேர்த்து எடை 9 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4.1 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. டிரிகரை இழுக்க 2 பவுண்டாவது, அதாவது சுமார் 900 கிராம் அழுத்தம் தேவை. தொட்டாலே வெடிக்கும் டிரிகருக்கு அங்கே இடமில்லை.

தோட்டாதான் தர்மசங்கடம். கடாத் தகடு சுமார் 25 கிலோ. மெல்லிய குண்டு பட்டால் 'டங்' என்று சத்தம் வரும், கடா விழாது. கனமான குண்டென்றால் 40 முறை தோளில் உதை. இந்தியாவில் வேட்டை ரைஃபிள் என்றாலே பலருக்கும் .315 தான் நினைவுக்கு வரும். .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குத் தடை. அதற்கு மாற்றாக இஷாபூர் தொழிற்சாலையில் உருவானது அது. கனமான, மெதுவான குண்டு. 500 மீட்டர் போவதற்குள் ரொம்பவே கீழே இறங்கிவிடும். கோழிக்கும் பன்றிக்கும் சரி, கடாவுக்குக் கஷ்டம்.

சரி, பேரன் இன்றே திருப்புளியை எடுக்கலாமா? கூடவே கூடாது. ஆயுதச் சட்டம் 1959-ன்படி, உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் தொழிலாகத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ முடியாது. கன்னத்துக்குத் தோல் பட்டை கட்டுவது வேறு, டிரிகரில் கைவைப்பது வேறு. தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது சிறைக்கு வழி.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தாத்தாவின் உரிமம் பேரனுடைய உரிமம் அல்ல. உரிமதாரர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பரணில் வைத்திருப்பதே குற்றம். பிறகு வாரிசு என்ற முறையில், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியரிடம் தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். பல வீடுகளில் இதைச் செய்யாமல் விட்டுத்தான் பின்னால் அலைகிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

உரிமம் கிடைத்தாலும் 500 மீட்டர் ரேஞ்சுக்கு எங்கே போவது? ஒலிம்பிக் ரைஃபிள், பிஸ்டல் போட்டிகள் 10, 25, 50 மீட்டரில் நடப்பவை. நம் கிளப்புகளும் அதற்கேற்பவே அமைந்தவை. கமண்டல நாகநதி மணலில் தகடு நட்டுச் சுடலாம் என்று யாரும் யோசிக்க வேண்டாம்!

பேரனுக்கு உடனடி வழி ஏர் ரைஃபிள். இதே விளையாட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவில் சின்னத் தகடுகள் உண்டு. கோழி 20 கஜம், பன்றி 30, வான்கோழி 36, கடா 45. மீட்டரில் சொன்னால், தோராயமாக 18-லிருந்து 41 வரை. 4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. இதிலும் நின்றுதான் சுட வேண்டும், கன்னம் படிய வேண்டும், 'கிளிக்' எண்ண வேண்டும். தகட்டுக்குப் பின்னால் மண்மேடு அவசியம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இரும்பைச் சுடவே கூடாது. பெல்லட் தெறித்துத் திரும்பி வரும்.

அதுவரை தாத்தாவின் ரைஃபிள் டீலரிடமே இருக்கட்டும். ரசீது மட்டும் வீட்டு பீரோவில் பத்திரம்.