நேற்றைய விளம்பரச் செலவு எவ்வளவு?

இணையத்தில் விளம்பரம் செய்யும் நிறுவனங்களில் தினமும் கேட்கப்படும் கேள்வி இது: நேற்று எவ்வளவு செலவானது, அதனால் எத்தனை விற்பனை நடந்தது? கேள்வி எளியது. விடை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு பகுதி கூகுள் ஆட்ஸிலும், இன்னொரு பகுதி ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவிலும் இருக்கிறது. இரண்டுமே தரவை ஏபிஐ வழியாகத் தருகின்றன. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் தரவு கேட்பதற்கென வகுக்கப்பட்ட வாசலே ஏபிஐ.

இந்த வாசல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கூகுள் ஆட்ஸுக்கு ஜிஏக்யூஎல் என்ற தனி வினவல் மொழி உண்டு. மெட்டாவிலோ வேண்டிய விவரங்களின் பெயர்களையும் தேதிகளையும் இணைய முகவரியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பணத்தைக் குறிக்கும் முறையும் வேறு. கூகுள் செலவை மைக்ரோ என்ற அலகில் தருகிறது. ஒரு ரூபாயில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது. 250 ரூபாய் செலவு 25,00,00,000 என்று வந்து சேரும். மெட்டா செலவை ரூபாயாகவும், பட்ஜெட்டைப் பைசாவாகவும் தருகிறது. மெட்டாவின் செலவையும் பட்ஜெட்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு நூறு மடங்கு பிசகும்.

அறிக்கைகளுக்கும் இந்த வாசல்களுக்கும் நடுவே எழுதப்படும் நிரலைத் தரவு அணுகல் அடுக்கு என்கிறார்கள். எந்த அளவு, எதன் வாரியாக, எந்தத் தேதிகளுக்கு என்று மட்டும் கேட்பவர் சொன்னால் போதும். அடுக்கு அதை அந்தந்தத் தளத்தின் வினவலாக மாற்றி அனுப்புகிறது. பக்கம் பக்கமாக வரும் விடைகளைச் சேர்க்கிறது. அலகுகளை ஒன்றாக்குகிறது. கூகுள் தன் பழைய ஆட்வேர்ட்ஸ் ஏபிஐயை 2022இல் மூடியது. அறிக்கைதோறும் வினவலை எழுதி வைத்திருந்தால், அப்போது அத்தனையையும் மாற்ற வேண்டியிருக்கும். அடுக்கு இருந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. எண்களின் இயல்பில்தான் கடினம் இருக்கிறது.

விளம்பரத்தைப் பார்த்தவர் பொருள் வாங்குவது போல, விளம்பரதாரர் எதிர்பார்க்கும் செயலுக்குக் கன்வர்ஷன் என்று பெயர். ஒருவர் 1ஆம் தேதி விளம்பரத்தைக் கிளிக் செய்து, 20ஆம் தேதி பொருளை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் ஆட்ஸின் வழக்கமான கன்வர்ஷன் எண் இதை 1ஆம் தேதியின் கணக்கில் சேர்க்கும். வாங்கிய தேதிப்படி எண்ணும் அளவும் தனியே உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆகவே 1ஆம் தேதியின் எண்ணை மறுநாளே எடுத்துச் சேமித்துவிட்டால், அதில் இந்த விற்பனை இருக்காது. கிளிக்கிலிருந்து எத்தனை நாள்வரை கன்வர்ஷனை ஏற்பது என்பதை விளம்பரதாரரே வகுக்கலாம். கூகுளில் இயல்பாக 30 நாள், அதிகபட்சம் 90 நாள். நல்ல அடுக்கு அந்தக் காலத்துக்குள் உள்ள நாள்களின் தரவை மீண்டும் மீண்டும் கேட்டுப் புதுப்பிக்கும். அதைத் தாண்டியவற்றை மட்டும் சேமிப்பிலிருந்து தரும்.

கூட்டக் கூடாத எண்களும் உண்டு. விளம்பரம் எத்தனை தனி நபர்களைச் சென்றடைந்தது என்பதை ரீச் என்கிறார்கள். திங்களும் செவ்வாயும் பார்த்தவர் ஒரே ஆள் என்றால், இரு நாள் ரீச்சைக் கூட்டும்போது அவர் இருவராகிவிடுவார். வார ரீச் வேண்டுமென்றால் தளத்திடம் வாரத்துக்கெனத் தனியே கேட்டாக வேண்டும். விற்பனையிலும் இதே சிக்கல். ஒருவர் கூகுள் விளம்பரத்தையும் மெட்டா விளம்பரத்தையும் கிளிக் செய்து ஒரு பொருள் வாங்கினால், இரு தளங்களும் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளக்கூடும். கூட்டினால் இரண்டு வரும். கடையில் விற்றது ஒன்று.

நாள் என்பதும் அந்தந்த விளம்பரக் கணக்கின் நேர மண்டலத்தைப் பொறுத்தது. நியூயார்க் நேரத்தில் தொடங்கிய கணக்கின் ‘நேற்று’ சென்னையின் நேற்று அல்ல. நாள்வாரித் தரவை மட்டும் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

ஒரே தளத்தில் சில விளம்பரங்கள் மட்டும் நடத்துபவருக்கு இந்த அடுக்கு தேவையில்லை. தளத்தின் சொந்த அறிக்கைத் திரையே போதும். இரண்டு தளங்கள் சேர்ந்து, அந்த எண்களை நம்பி அடுத்த மாதப் பட்ஜெட் முடிவாகும் நிலையில், இதைக் கட்டும் செலவு நியாயமானது என்று நினைக்கிறேன். கட்டுபவர்கள் வேகத்தைவிட வரையறைகளுக்கு முதலிடம் தர வேண்டும். ஒவ்வோர் எண்ணுடனும் அது எப்போது எடுக்கப்பட்டது, எந்த நேர மண்டலத்துக்கு உரியது, இன்னும் மாறக்கூடியதா என்ற மூன்று விவரங்களையும் அடுக்கு சேர்த்தே தர வேண்டும்.