கம்பெனி திவால் ஆனா, உங்க சம்பள பாக்கி உங்களுக்கே ரகசியமா?

சில வருஷம் முன்னாடி, திவால் நடவடிக்கைக்குப் போன ஒரு கம்பெனியில் கிளைம் சரிபார்க்கிற டீமில் இருந்தேன். ரகசியம் காப்பேன்னு கையெழுத்து போட்ட பிறகுதான் ஃபைலே கைக்கு வந்தது. டீ குடிக்கப் போனா, ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒரு அண்ணன் தினமும் கேட்பார்: "சார், எல்லாத்தையும் வித்தா எவ்வளவு தேறும்? எங்க ஏழு மாச சம்பளம் வருமா?"

அவர் கேட்ட நம்பர் என் லேப்டாப்பில் இருந்தது. "சொல்லக் கூடாதுண்ணே"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது.

அந்த நம்பருக்குப் பேர் லிக்விடேஷன் வேல்யூ. கம்பெனியை இழுத்து மூடி சொத்தை வித்தா என்ன கிடைக்கும்கிற மதிப்பீடு. 2016-ல் வந்த திவால் சட்டத்தின் கீழ் (ஐபிசின்னு சொல்றோமே, அதுதான்) இது ரகசியம். கம்பெனியை வாங்க நினைக்கிறவங்க தங்கள் பிளானைக் கொடுத்த பிறகுதான், கடன் கொடுத்த பேங்குகள் உட்கார்ந்திருக்கிற கமிட்டிக்கு இது போகும். அவங்களும் ரகசியம் காப்போம்னு எழுதிக் கொடுக்கணும்.

இதில் நியாயம் இல்லாம இல்லை. பழைய பைக்கை விக்கிறீங்க. "60,000-க்குக் கீழ தரமாட்டேன்"னு முதல்லயே சொல்லிட்டா, வர்றவன் 61,000-க்கு மேல பேசுவானா? அதே கதைதான். இன்னொரு பக்கம், வாங்க வர்றவர் போட்டிக் கம்பெனியாகவே இருக்கலாம். கஸ்டமர் லிஸ்ட், சப்ளையர் ரேட் எல்லாத்தையும் பார்த்துட்டு, வாங்காமலே போயிடலாம். அதனால்தான் சட்டத்தின் 29-வது பிரிவு, தகவல் வாங்குறவங்ககிட்ட முதல்லயே உறுதிமொழி கேட்குது. ஏலம் முடியுற வரைக்கும் இந்தப் பூட்டு வேணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் சண்டை வேற இடத்தில்.

சம்பள பாக்கி உள்ள நீங்களும் சட்டப்படி ஒரு கடன்காரர்தான், அதாவது கம்பெனி உங்களுக்குக் கடன்பட்டிருக்கு. உங்களை ஆப்பரேஷனல் கிரெடிட்டர்னு சொல்வாங்க. 30-வது பிரிவு உங்களுக்கு ஒரு குறைந்தபட்சத்தைத் தருது: லிக்விடேஷன் நடந்திருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்கும் தொகைக்குக் குறைவா எந்தப் பிளானும் தரக் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் குறைந்தபட்சத்தைக் கணக்கு போட லிக்விடேஷன் வேல்யூ தெரியணும், அது உங்களுக்கு ரகசியம். அப்போ குறைச்சுக் கொடுத்தாங்களா இல்லையான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

சரி, யாருக்குக் காட்டுறாங்கன்னு பாருங்க. 2019 ஜனவரியில் விஜய்குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பதவி பறிக்கப்பட்ட பழைய டைரக்டர்களுக்குக் கமிட்டி கூட்டத்தில் கலந்துக்கிற உரிமை இருக்கு, அதனால் பிளானோட காப்பியும் அவங்களுக்குத் தரணும், வேணும்னா ரகசிய உறுதிமொழி வாங்கிக்கலாம்னு. தீர்ப்பு சரிதான். ஆனா கம்பெனி கவிழ்ந்தப்போ ஸ்டீயரிங் பிடிச்சிருந்தவங்க பிளானைப் படிக்கலாம், பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஊழியர் படிக்கக் கூடாதுன்னா?

ஊழியர் தரப்புக்கு வழியே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆப்பரேஷனல் கிரெடிட்டர்ஸ் எல்லாரோட பாக்கியும் சேர்ந்து மொத்தக் கடனில் 10% இருந்தா, ஒரு பிரதிநிதி கூட்டத்துக்குப் போகலாம். ஓட்டு கிடையாது. பேங்க் கடன் மலை மாதிரி இருக்கிற கம்பெனியில் அந்த 10% வர்றதே கஷ்டம்.

ஜெட் ஏர்வேஸை எடுத்துக்கோங்க. 2019 ஏப்ரலில் விமானங்கள் நின்னுச்சு, ஜூனில் கேஸ் என்சிஎல்டிக்குப் போச்சு, 2021 ஜூனில் ஜலான்-கால்ராக் கூட்டணியோட பிளானுக்கு ஒப்புதல் கிடைச்சது. தொழிலாளர் சங்கம் பிளான் காப்பி கேட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் வந்த உத்தரவோட சாரம் இது: ஒப்புதல் ஆன பிறகு பிளான் ரகசிய ஆவணம் இல்லை, ஆனா கேட்கிற எல்லாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் முடியாது, தொழிலாளர்களோட கிளைம் சம்பந்தப்பட்ட பகுதியைக் கொடுங்க.

அதே வருஷம் அக்டோபரில் அதே தீர்ப்பாயம், திவால் நடவடிக்கை தொடங்கின தேதி வரைக்குமான பிஎஃப், கிராஜுவிட்டி பாக்கியைக் கொடுக்கணும்னு சொன்னது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடலை. அதாவது பிளானில் முழுசா வராத பணத்தை ஊழியர்கள் வாதாடி வாங்க வேண்டியிருந்தது. பிளானில் என்ன இருக்குன்னே தெரியலைன்னா எதை வச்சு வாதாடுவது? (அந்தப் பிளான் கடைசி வரை நிறைவேறலை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஜெட்டை லிக்விடேஷனுக்கே அனுப்பிடுச்சு. அது தனிக் கதை.)

'சம்பந்தப்பட்ட பகுதி மட்டும்'கிறது பாதிக் கிணறுன்னு நான் நினைக்கிறேன். உங்க பங்கு எவ்வளவுன்னு மட்டும் தெரிஞ்சா போதாது, அது எந்த மொத்தத்திலிருந்து எப்படி வந்ததுன்னும் தெரியணும். ஒப்புதல் ஆர்டர் வெளியானா என்சிஎல்டி தளத்தில் படிக்கலாம், பல ஆர்டர்களில் லிக்விடேஷன் வேல்யூவும் இருக்கும். ஆனா அதுக்குள்ள மேல்முறையீட்டுக்கான 30 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிருக்கும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தா இன்னும் 15 நாள், அவ்வளவுதான்.

பிளான்கள் வந்து சேர்ந்ததும், ஊழியர்களோட பிரதிநிதி ஒருத்தருக்காவது முழு பிளானும் லிக்விடேஷன் வேல்யூவும் கொடுக்கலாம், டைரக்டர்கிட்ட வாங்குற அதே உறுதிமொழியை வாங்கிக்கிட்டு. மீறினா நடவடிக்கை எடுங்க. என்னை மாதிரி வெளி ஆளை ஒரு கையெழுத்தில் நம்புறாங்க, 20 வருஷம் அங்கேயே வேலை பார்த்த ஸ்டோர்ஸ் அண்ணனை நம்ப என்ன தடை?

இது மாறும் வரைக்கும் உங்க கணக்கை நீங்களே வச்சுக்கோங்க. பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், இன்க்ரிமென்ட் லெட்டர் எல்லாம் ஆபீஸ் மெயிலில் மட்டும் இருந்தா, கம்பெனி சர்வரை நிறுத்துற அன்னைக்கு அதுவும் போச்சு. இன்னைக்கே சொந்த மெயிலுக்கு எடுத்துடுங்க (சம்பள பேப்பர் மட்டும், கம்பெனி டேட்டா வேண்டாம்!). பிஎஃப் பாஸ்புக்கை மாசம் ஒரு தடவை பாருங்க. லிக்விடேஷன் வந்தா பிஎஃப், கிராஜுவிட்டி ஃபண்டில் இருக்கிற பணம் கம்பெனி சொத்தோட சேராது. பாக்கி சம்பளத்தில் தொழிலாளர்னா 24 மாசம், மத்த ஊழியர்னா 12 மாசம் வரைக்கும்தான் முன்னுரிமை, அதுவும் மத்த ஊழியருக்கு ஒரு படி கீழ. மேனேஜர் வேலையில் இருக்கிறவங்க பெரும்பாலும் அந்த 12 மாச வரிசைதான்.

கிளைம் போட ஃபார்ம் டி. கடைசித் தேதி பொது அறிவிப்பிலேயே இருக்கும். அந்த ஃபார்மை எப்படி நிரப்புறதுன்னு அடுத்த வீடியோவில் ஒவ்வொரு வரியா காட்டுறேன்.