வாயிலில் நிற்கும் பிரிட்டன்

இலண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அணித்தே லங்காஸ்டர் மாளிகை என்றோர் அரசு மாளிகை உண்டு. விருந்துகளுக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் பயன்படுவது. ரொடீசியா ஜிம்பாப்வே ஆவதற்கு வழிசெய்த 1979ஆம் ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தானதும் அங்கேதான். பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்குமான உறவை நாடகமாக எழுதப் புகும் ஒருவர், காட்சி மாற்றமே இல்லாமல் அந்த ஒரே மாளிகையில் முழு நாடகத்தையும் நடத்தி முடித்துவிடலாம். 1988 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் அங்கே நின்று, ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தை பிரிட்டிஷ் வணிகர்களுக்கு எத்தகைய பெரும் வாய்ப்பு என்று முழங்கினார். 2017 ஜனவரியில் அவருடைய கட்சியையே சேர்ந்த தெரசா மே அதே மாளிகையில் நின்று, அந்த ஒற்றைச் சந்தையை விட்டுப் பிரிட்டன் வெளியேறும் என்று அறிவித்தார். 2025 மே 19ஆம் நாள், தொழிற்கட்சிப் பிரதமர் கியர் ஸ்டார்மர் அங்கேயே ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையனை வரவேற்று, அறுந்துபோன இழைகளுள் சிலவற்றை மறுபடி முடிந்துகொண்டார்.

மருதத் திணைப் பாடல்களில் பழகியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. பரத்தையிற் பிரிந்த தலைவன் திரும்பி வரும்போது நேரே வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. பாணனை அனுப்புவான், தோழியை இரந்து நிற்பான். 'வாயில் வேண்டல்' என்று ஒரு துறை வகுத்த நம் முன்னோர், மறக்காமல் 'வாயில் மறுத்தல்' என்பதற்கும் ஒரு துறை வைத்தார்கள். பிரிட்டன் சில ஆண்டுகளாகச் செய்துவருவது இந்த வாயில் வேண்டலைத்தான். வேறுபாடு ஒன்று உண்டு. தலைவன், தான் வீட்டுக்குள் வர விரும்புவதை ஒருபோதும் மறைப்பதில்லை. பிரிட்டிஷ் அரசோ வாயிற்படியில் நின்றுகொண்டே, தான் உள்ளே வருவதற்காக வரவில்லை என்று சத்தியம் செய்கிறது. என் மனக்குறை முழுவதும் இந்தச் சத்தியத்தைப் பற்றியதே.

பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெகோல் இரு முறை, 1963லும் 1967லும், கதவைச் சாத்திய பிறகு 1973 ஜனவரி முதல் நாளில்தான் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்குள் நுழைய முடிந்தது. 1975இல் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் உள்ளேயே இருக்கலாம் என்றனர். 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதத்தினர் வெளியேறலாம் என்றனர். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பெரும்பான்மை அதற்கு எதிராக இருந்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் முறைப்படி விலகியது.

இனி 2025ஆம் ஆண்டு மே மாத உடன்பாட்டுக்கு வருவோம். அதில் மீன்பிடியும் பாதுகாப்புக் கூட்டுறவும் உண்டு. இளைஞர் பரிமாற்றமும் மின்சாரச் சந்தையும் கரிம வரியும் உண்டு. நாளேடுகள் மீனைப் பற்றியே எழுதித் தீர்த்தன. எனக்கு முக்கியமாகப் படுவது உணவுப் பொருள்களைப் பற்றிய பகுதி. இறைச்சி, பால், தாவரங்கள் ஆகியவற்றின் எல்லைச் சோதனைகளும் சான்றிதழ்களும் பெரும்பாலும் நீங்க வேண்டுமானால், அத்துறையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களைப் பிரிட்டன் பின்பற்ற வேண்டும். இன்றுள்ள சட்டங்களை மட்டுமன்று, நாளை அவை மாறும்போது தானும் உடன் மாற வேண்டும். ஒன்றியச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் இறுதி அதிகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே. அச்சட்டங்கள் இயற்றப்படும் அவையில் பிரிட்டனுக்கு ஓர் இருக்கையும் இல்லை, ஒரு வாக்கும் இல்லை. வரைவு நிலையில் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே.

'அதிகாரத்தை மீட்போம்' என்ற முழக்கத்தோடு வெளியே வந்த நாடு இது! உள்ளே இருந்தபோது பெரிய நாடுகளுள் ஒன்றாக, பெரிய வாக்கு வலிமையோடு அமர்ந்து வேண்டாத சட்டங்களைத் திருத்தவும் தடுக்கவும் அதனால் இயன்றது. இன்று அதே சட்டங்களை வெளியே நின்று கேட்டுக்கொள்கிறது. பொருளாதாரக் கணக்குப்படி இவ்வுடன்பாடு நல்லது என்றே நானும் கருதுகிறேன். வட அயர்லாந்துக்குச் செல்லும் பால் பொட்டலத்தையும் இறைச்சிப் பொட்டலத்தையும் எடுத்துப் பாருங்கள். 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உரியதன்று' என்று அவற்றின்மேல் அச்சிட வேண்டியிருந்தது. 1998ஆம் ஆண்டு பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பின் அயர்லாந்துத் தீவுக்குள் மறுபடி ஓர் எல்லைச் சாவடி எழக்கூடாது என்பதற்காக, ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே கடலில் சோதனைக் கோடு கிழித்ததன் விளைவு அது. 2023ஆம் ஆண்டு விண்ட்சர் உடன்பாடு அக்கோட்டின் கடுமையைக் குறைத்தது, கோடு அழியவில்லை. உணவு உடன்பாடு நடைமுறைக்கு வந்தால் அந்தப் பொட்டல வாசகத்துக்கு வேலையிராது. ஆகவே வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அதற்கு விலையாகக் கொடுக்கப்படுவது வாக்குரிமை என்பதை ஆட்சியாளர் எவரும் மக்களிடம் உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. 'மறுதொடக்கம்' என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கணிப்பொறியை அணைத்துப் போடுவது போலிருக்கிறது.

சொல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முப்பது வயதுக்குட்பட்டோர் இருபுறமும் சில காலம் சென்று தங்கிப் படிக்கவும் பணிசெய்யவும் ஒரு திட்டம் வேண்டும் என்று 2024இல் ஐரோப்பிய ஆணையம் கேட்டபோது அதன் பெயர் 'இளைஞர் இயக்கம்' என்ற பொருளில் இருந்தது. ஆட்கள் இயங்குவது, எல்லை கடப்பது என்ற எண்ணமே வாக்காளரைக் கலவரப்படுத்தும் என்று அஞ்சிய இலண்டன், அதனை 'இளைஞர் அனுபவம்' என்று மாற்ற வைத்தது. மாறாத பொருளுக்கு மாற்றுப் பெயர் சூட்டுவதில் அரசாங்கங்கள் கவிஞர்களை விஞ்சிவிடுகின்றன.

எராஸ்மஸ் கதை இன்னும் சுவையானது. 1987இல் தொடங்கிய மாணவர் பரிமாற்றத் திட்டம் அது. அதற்கு ஆபத்தில்லை என்று 2020 ஜனவரியில் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அதே ஆண்டு டிசம்பரில், செலவு மிகுதி என்று சொல்லி விலகினார். 2025 டிசம்பரில், 2027 முதல் மீண்டும் சேர்வதாக அறிவிப்பு வந்தது. அந்த ஓராண்டுக்கு மட்டும் பிரிட்டன் செலுத்த ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 57 கோடி பவுண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் கல்லூரிக்குள் நுழைந்து வெளியேறிவிட்ட தலைமுறை ஒன்று இருக்கிறது. ஸலமங்காவிலோ பொலோஞாவிலோ ஓராண்டு தங்கி ஒரு மொழியைக் கற்று வந்திருக்கக்கூடியவர்கள். அவர்களில் மிகப் பலர் 2016இல் வாக்களிக்கும் வயதை எட்டாதவர்கள். அந்த இழப்பை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பணம் மட்டுமே பேசப்பட்டது.

ஆட்கள் வருவதைக் குறைப்பதற்காகவே வெளியேறினோம் என்பாரும் உளர். நடந்தது வேறு. ஐரோப்பியர் வருவது குறைந்தது. இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் மாணவர்களும் செவிலியரும் பெருமளவில் வந்தார்கள். 2023ஆம் ஆண்டையொட்டி நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு ஒன்பது இலட்சத்தைத் தாண்டியது. நம்மவர்கள் பலருக்கு அது வாழ்வளித்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் 'வெளியேறு' என்று வாக்களித்தவர் கேட்டது இது அன்று.

விலகிப்போன வேறு நாடுகள் எப்படித் திரும்பின என்று பார்ப்பது பயனுள்ளது. மேற்குச் சகாராவின் குடியரசுக்கு இருக்கை கொடுத்ததைக் கண்டித்து மொராக்கோ 1984இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை விட்டு விலகியது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 ஜனவரியில், அதன் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குள் நுழைந்தது. எந்தக் குடியரசின் பொருட்டு எழுந்து போயிற்றோ, அது அதே அவையில் அப்படியே அமர்ந்திருந்தது. மொராக்கோ தன் வழக்கைக் கைவிடவில்லை. காலி நாற்காலியால் வழக்கு வெல்லாது என்பதைக் கண்டுகொண்டது. 1966இல் நேட்டோவின் கூட்டு இராணுவத் தலைமையிலிருந்து விலகிய பிரான்ஸ் 2009இல் திரும்பிய கதையும் ஏறக்குறைய இதுவே. இரண்டுமே முன்வாசல் வழியாக, அறிவித்துவிட்டு நுழைந்தன. உள்நாட்டில் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு அடங்கியது.

நிற்க. ஐரோப்பாவின் பக்கமும் குறை சொல்ல இடமுண்டு. உணவு உடன்பாட்டுக்கும் பிறவற்றுக்கும் இசைவதற்கு, பிரிட்டிஷ் கடலில் தம் படகுகள் மீன்பிடிக்கும் உரிமையை 2038 ஜூன் வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீட்டித்து வாங்கிக்கொண்டார்கள். வணிகம் என்றால் பேரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் 15,000 கோடி யூரோ மதிப்புள்ள பாதுகாப்புக் கடன் நிதியில் பிரிட்டன் சேர்வது பற்றிய பேச்சு 2025 நவம்பரில் முறிந்ததே, அது நுழைவுக் கட்டணத் தகராறால். உக்ரைன் பற்றி எரிந்துகொண்டிருக்கையில் இரு தரப்பும் இப்படிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்ததை மன்னிப்பது கடினம். ஒன்றியத்தின் அச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. இவ்வுடன்பாட்டைத் தாம் வந்தால் புரட்டிப்போடுவோம் என்று கன்சர்வேட்டிவ் கட்சியும் நைஜல் ஃபராஜின் கட்சியும் 2025இலேயே அறிவித்துவிட்டன. நாளை யார் வீட்டுக்காரர் என்று தெரியாத வீட்டோடு நெடுங்கால ஒப்பந்தம் எழுத எவரும் தயங்குவர்.

வெளியேற்றத்தால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகால நோக்கில் 4 சதவீதம் குன்றும் என்பது பிரிட்டனின் சொந்த வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. வெளியேறியது தவறு என்று சொல்வோரே கருத்துக்கணிப்புகளில் பல ஆண்டுகளாகப் பெரும்பான்மையாக இருந்துவருகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, ஒற்றைச் சந்தை இல்லை, சுங்க ஒன்றியம் இல்லை, தடையற்ற நடமாட்டம் இல்லை என்று 2024 தேர்தல் அறிக்கையில் மூன்று கோடுகளைக் கிழித்துக்கொண்டது தொழிற்கட்சி. ஆறிய புண்ணைக் கீற வேண்டாம் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். 2016க்குப் பிறகு அந்நாடு பட்ட பாட்டை, குடும்பங்களுக்குள்ளேயே பேச்சு நின்றுபோனதை எண்ணினால் அந்தத் தயக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. புண் ஆறியிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். பிரதமர் மாறுந்தோறும் அது மறுபடி திறந்துகொள்வதைத்தானே பார்த்து வருகிறோம்?

அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும். சுங்க ஒன்றியத்தில் சேர்வதா, அல்லது வாக்கில்லாமல் ஒவ்வொரு துறையாகச் சட்டங்களை ஏற்றுக்கொண்டே போவதா என்ற கேள்வியை, விலையும் வரவும் எழுதி, ஆளுங்கட்சி அப்போதாவது மக்கள்முன் வைக்க வேண்டும். மக்கள் மறுத்தால் மறுக்கட்டும். ஒன்றியத்தின் இருபத்தேழு நாடுகளும் ஒருவேளை மறுக்கலாம். தெகோல் இரு முறை மறுத்த பிறகும் மூன்றாம் முறை கேட்ட நாடுதான் அது.