ரசத்தில் மிதக்கும் லத்தீன்

லால்பாக் பத்தி யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. கண்ணாடி மாளிகை, ரோஜாப் பூவில் செஞ்ச ஏதோ ஒரு கோபுரம், மிளகாய்த்தூள் தூவின மாங்காய், கூட்டத்துல செருப்பு அறுந்த கதை. கூடவே இருபது படம். ஒரு செடிக்காவது பேர் இருக்காது. போன ஞாயிறு வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

அது வெறும் பார்க் இல்லைங்க, தாவரவியல் பூங்கா. 1760-ல் ஹைதர் அலி ஆரம்பிச்சது. திப்பு வெளிநாட்டுச் செடிகளை வரவழைச்சு வளர்த்தார். கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினதே 1889-லதான். நாம முண்டியடிச்சுப் பார்க்கிற கட்டடத்தைவிடத் தோட்டம் 129 வருஷம் மூத்தது! 240 ஏக்கர்ல எத்தனையோ மரங்கள் பேர்ப்பலகையோட நிக்குது. படிக்கத்தான் ஆள் இல்லை.

நான் படிச்சேன். அந்த அரிப்புல, வீட்டுக்கு வந்ததும் ரசத்துல மிதந்த கறிவேப்பிலைக்கு லத்தீன்ல என்ன பேர்னு தேடினேன். பெர்கேரா கோனிகி. கோனிக் யாரு? லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவரா வந்து நம்ம பக்கத்துச் செடிகளை ஆராய்ஞ்சவர். தரங்கம்பாடி எங்க திருக்கடையூர்லேர்ந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. சைக்கிள்ல போய் டேனிஷ் கோட்டை வாசல்ல கடலை தின்ன ஊர். இந்த மனுஷன் பேரை ஒரு வாத்தியார்கூடச் சொன்னதில்லை.

"நம்ம செடிக்கு வெள்ளைக்காரன் பேரா?"ன்னு கிளம்பிடாதீங்க. "கோயிலுக்குக் கோயில் தலவிருட்சம் வச்சாங்களே முன்னோர், அதுதான் ஒரிஜினல் தாவரவியல் பூங்கா"ன்னு அடுத்த டயலாக் வரும். சரி, ஒத்துக்கறேன். எங்க அபிராமி கோயில் தலவிருட்சம் எது? வில்வமும் பிஞ்சிலமும். பிஞ்சிலம் ஒரு மல்லிகை வகை. இது எனக்கு எப்பத் தெரியும்? அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த பெங்களூர் நண்பன் கேட்டப்ப திருதிருன்னு முழிச்சு, குருக்கள்கிட்ட ஓடினப்புறம்தான். பதினேழு வருஷம் அதே பிரகாரத்துல விளையாடினவன் நான். முன்னோர் காப்பாத்தினாங்க, சரி. நாம என்ன கிழிச்சோம்?

பேர் தெரியாத மரத்துக்காக யாரும் சண்டை போட மாட்டாங்க. ரோட்டை அகலப்படுத்தும்போது "மரம் - 4"னு கணக்கு எழுதிட்டு வெட்டிடலாம். அது மருதமா, புங்கமா, இலுப்பையான்னு தெரிஞ்சவன்தான் குறுக்கே போய் நிப்பான்.

அடுத்த தடவை லால்பாக் போனா பத்து பலகையாவது படிச்சுட்டு வாங்க. ஊருக்குப் போனா, சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கோயில் மரத்தோட பேரைக் கேட்டு எழுதி வைங்க. ரோஜா கோபுரம் படம் போதும்ங்க. நிறையப் பார்த்தாச்சு :-)