கீழ்த்தளத்தில் ஓர் அறை



அண்மையில் மணமான நம் சபைத் தம்பதியர், தங்கள் முதல் வீட்டின் வரைபடத்தை ஜெபத்திற்காகக் கொண்டுவந்தனர். இரண்டு சென்ட் மனை. அதாவது 871 சதுர அடி. முன்னே கார் நிறுத்துமிடம், 18 அடி நீள வரவேற்பறை, படுக்கையறைகள் இரண்டும் மாடியில்.

"அம்மா வந்தால் எங்கே படுப்பார்கள்?" என்றேன். சூனேமியாள் எலிசாவுக்கு மேல்வீட்டில்தானே அறை கட்டினாள் என்றார் அந்தச் சகோதரி. எலிசா படியேற வல்லவர். நம் தாய்மாரின் முழங்கால்கள் அப்படியல்லவே!

புது வீடு கட்டுகிறவனுக்கு உபாகமம் 22ஆம் அதிகாரம் தரும் கட்டளை மெத்தையின் கைப்பிடிச்சுவரைப் பற்றியது. அந்த வீட்டில் ஒருவரும் விழுந்து மடியலாகாது என்பதே அதன் கரிசனை. நான் சந்திக்கச் செல்லும் முதியோர் பலர் விழுந்தது மெத்தையிலிருந்து அன்று, இரவில், குளியலறையில்.

ஆகவே, பிள்ளைகளே, வரவேற்பறையைச் சுருக்குங்கள். விருந்தினர் சில மணி நேரமே அமர்வர். கீழே பத்துக்குப் பத்தில் ஓர் அறையும், அதையொட்டிக் குளியலறையும் அமையட்டும். அதன் கதவை வழக்கமான இரண்டரை அடிக்குப் பதிலாக மூன்றடி அகலத்தில் வையுங்கள்; சக்கர நாற்காலி தடையின்றி நுழையும். வழுக்காத தரை ஓடும், சுவரில் ஒரு கைப்பிடியும் பெருஞ்செலவல்ல. பிரசவித்த நாட்களில் சகோதரிக்கும் அதே அறை உதவும். மாடியைப் பின்னர் எழுப்பலாம். அஸ்திவாரத்தை மட்டும் அதைத் தாங்குமாறு இப்போதே இடச் சொல்லுங்கள். கடனும் குறையும்.

வரைபடத்தைத் திரும்ப எடுத்துச் சென்றிருக்கிறார்கள். அடுத்த முறை அம்மாவையும் அழைத்துவரச் சொன்னேன்.