பதினான்கு ஏவல்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். படித்துப் பார்க்காமலே நிராகரிக்கும் வழக்கம் நம்மிடையே பழையது. அதை ஒரு கட்டுரையால் குணப்படுத்த முடியாது. என் சண்டை, இந்த விளையாட்டுகளுக்குப் பரிந்து பேச வந்திருக்கும் இரண்டு கட்சிகளோடுதான். 1980களின் ஜப்பானிய சாகச விளையாட்டுகளும் பாத்திரமேற்பு விளையாட்டுகளும் இல்லாமையில் பிறந்த கவிதை என்கிறது ஒரு கட்சி. அந்த இல்லாமை இன்று தீர்ந்துவிட்டது, இனி அவை முழுமை பெறலாம் என்கிறது மற்றது. இரண்டுமே உருவம் என்றால் என்ன என்று யோசிக்க மறுத்தவர்களின் பேச்சு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1983-ல், பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த ஹோரீ யூஜி, எனிக்ஸ் நிறுவனத்துக்காகப் ‘போர்ட்டோப்பியா தொடர் கொலை வழக்கு’ என்ற ஒன்றைச் செய்தார். இடம் கோபே துறைமுக நகரம். கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் முதலாளி பூட்டிய அறையில் செத்துக் கிடக்கிறான். ஆட்டக்காரன் போலீஸ் மேலதிகாரி. அவன் திரையில் தென்படுவதே இல்லை. யாஸு என்ற உதவியாளனுக்கு அவன் உத்தரவிடுகிறான். பார்த்துவிட்டு வந்து சொல்கிறவன் யாஸு.

முதல் வடிவத்தில் உத்தரவை விசைப்பலகையில் தட்ட வேண்டும். ஹோரீ மனதில் வைத்திருந்த சொல் நம் கைக்கு வராதவரை கதை நகராது. 1984-ல், ஹொக்கைடோவுக்கு இட்டுச் செல்லும் தம் அடுத்த கொலை வழக்கில், அவர் தட்டச்சைக் கைவிட்டுச் சொற்களைப் பட்டியலாக்கினார். 1985-ல் போர்ட்டோப்பியா நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்கு வந்தபோது அதற்கும் பட்டியல் வந்தது. திரையோரம் 14 ஏவல்கள். கேள், காட்டு, கூப்பிடு, எடு, அடி, கைது செய், விசாரணையை நிறுத்து – இப்படி. மூலத்தில் இவற்றில் பெரும்பாலானவை மரியாதை விகுதி ஏதுமற்ற மொட்டை ஏவல்கள். கீழே இருப்பவனிடம் மேலே இருப்பவன் பேசும் பாஷை.

கொலைகாரன் யாஸு.

இதைச் சொல்லிவிட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜப்பானில் இது பழமொழி அளவுக்குப் பரவிவிட்ட வாக்கியம். மேலும், முடிவு தெரிந்தவுடன் செத்துப்போகிற படைப்பு என்றால் அதைப்பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். கதைசொல்லியே கொலைகாரன் என்பதை அகதா கிறிஸ்டி 1926-லேயே செய்துவிட்டார். அங்கே வாசகன் ஏமாற்றப்படுகிறான். இங்கே நடப்பது வேறு. கேள் என்று சொன்னதும் நான், கைது செய் என்று சொன்னதும் நான். என் ஏவலை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றவன், என் கண்ணாகவும் காதாகவும் இருந்தவன் அவன். அவனை ஒரு மனிதனாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவன் என் வாக்கியத்தில் மறைந்து நிற்கும் எழுவாய். கடைசியில் ஏவலை அவன்மீதே திருப்ப வேண்டியிருக்கிறது. அவன் தோளில் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஓர் அடையாளம். அந்த முதலாளியின் மோசடியால் தற்கொலை செய்துகொண்ட பெற்றோரின் மகன் அவன்.

கதையாக மட்டும் பார்த்தால் இது எந்த வாரப் பத்திரிகையிலும் கிடைக்கிற பழிவாங்கும் கதை. அதனால்தான் ‘கதை நன்றாக இருக்கிறது, ஆகவே இதுவும் இலக்கியம்’ என்று வக்காலத்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆயாசம். இதன் கனம் கதையில் இல்லை. யார் யாரிடம் எந்த வினையை உச்சரிக்க முடியும் என்று வரையறுத்ததில் இருக்கிறது. ஏவுகிறவனுக்கு ஏவப்படுகிறவன் கண்ணில் படமாட்டான் என்ற சமூக உண்மை இங்கே உபதேசமாகச் சொல்லப்படவில்லை. 14 சொற்களின் இலக்கணமாகவே இருக்கிறது.

இனி முதல் கட்சி. இவர்கள் காட்டும் உதாரணம் 1986-ல் ஹோரீயும் நகமுரா கோஇச்சியும் சேர்ந்து செய்த ‘டிராகன் குவெஸ்ட்’. மொத்தமே 64 கிலோபைட். அயல்சொற்களை எழுதப் பயன்படும் கத்தக்கானா எழுத்துகள் முழுவதற்கும் இடமில்லாமல் சுமார் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, மந்திரங்களுக்கும் பிராணிகளுக்கும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே பெயர் கட்டினார்கள். எல்லாம் வாஸ்தவம். ஆனால் கட்டுப்பாடே கவிதையாகிவிடும் என்றால், உதடு ஒட்டாத நிரோட்டகமும் நாகபந்தமும் ரதபந்தமும் பாடிய நம் சித்திரகவிகள் அனைவரும் மகாகவிகள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சாமர்த்தியத்துக்கு மேல் அவற்றில் பெரும்பாலானவற்றில் என்ன இருக்கிறது? அதே ஃபாமிகாமுக்கு அதே நெருக்கடியில் வந்த எத்தனையோ விளையாட்டுகள் இன்று யார் நினைவிலும் இல்லை. இல்லாமை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. பிரக்ஞை பொதுவாக இருக்கவில்லை.

‘டிராகன் குவெஸ்ட்’ நாயகன் இறுதிக் காட்சிவரை தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவனிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு நமக்குக் கிடைப்பவை ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்கள். மீட்கப்பட்ட இளவரசி தன்னை அழைத்துப்போகச் சொல்கிறாள். இல்லை என்றால், இப்படியும் கொடுமையா என்று வருந்தி மறுபடி கேட்கிறாள். எத்தனை முறை மறுத்தாலும் அதே வருத்தம், அதே கேள்வி. மறுப்புக்கு அங்கே பொருளே இல்லை. பிறகு கடைசியில் நாகவேந்தன் கேட்கிறான்: என் பக்கம் வா, உலகில் பாதி தருகிறேன். இதுவரை நம் மறுப்புகளை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஆகவே இதுவும் சும்மா கேட்கிற கேள்விதான் என்று ‘ஆம்’ என்கிறோம். கிடைப்பது இருள் என்கிற பாதி. எழுத்துகள் சிவக்கின்றன, ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. அதே இரண்டு சொற்கள். முதல் இடத்தில் சடங்கு, இரண்டாவது இடத்தில் வினை. 64 கிலோபைட் இதை ஹோரீக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

இந்தச் சிக்கனம் புரியாதவர்கள் கையில் அது என்ன ஆகும் என்பதற்கு 1989-ல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவம் சாட்சி. மூலத்தின் எளிய பேச்சை நாடக மேடையின் பழைய ஆங்கிலமாக்கி, ஊர்க்காவலன்வரை எல்லாரையும் ராஜபாட்டை போட வைத்தார்கள். அயல்மொழிச் சிறுகதையின் விவசாயியைச் செந்தமிழில் முழங்க வைக்கும் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கடல் கடந்தும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கட்சிக்கு 2023 ஏப்ரலில் பதில் கிடைத்தது. எனிக்ஸின் வாரிசான ஸ்கொயர் எனிக்ஸ், இயல்மொழியைப் புரிந்துகொள்ளும் தொழில்நுட்பத்தைக் காட்டப் போர்ட்டோப்பியாவையே எடுத்து, யாஸுவிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இலவசமாக வெளியிட்டது. எந்திரம் தானாகப் பதில் உருவாக்கும் வசதியை, அது தகாததைப் பேசிவிடும் என்று அஞ்சி, முன்பே நீக்கியிருந்தார்கள். ஆடியவர்கள் சொன்னதில் பெரும்பகுதி யாஸுவுக்கு விளங்கவில்லை. வசை குவிந்தது. தொழில்நுட்பம் போதாது, நாளை சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சரியாகட்டும். எதையும் புரிந்துகொண்டு எதற்கும் பதில் சொல்லும் யாஸு வந்தபின் அவனோடு அரட்டை அடிக்கலாம், அவன் சௌக்கியம் விசாரிக்கலாம். கீழே இருப்பவனிடம் ஏவலைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாத அந்த மேலதிகாரி மட்டும் காணாமல் போயிருப்பான். அவன் போனால் குற்றமும் போய்விட்டது. மிஞ்சுவது துப்பறியும் கதை. 1984-லேயே ஹோரீ விட்டு வெளியேறிய வாசலுக்குள் இவர்கள் நாற்பதாண்டுக்குப்பின் ஆரவாரமாக நுழைகிறார்கள்.

எங்கோ ஜப்பானில் நடந்ததற்கு இத்தனை கோபம் எதற்கு என்று கேட்கலாம். இந்த இரண்டு கட்சிகளையும் நான் இங்கேயே நன்றாக அறிவேன். தளை தட்டாமல் இருப்பதையே கவிதை என்று நம்பிய பண்டிதர்கள் ஒரு பக்கம். தளையை அறுத்ததையே கவிதை என்று நம்பி, வாக்கியத்தை மடக்கி மடக்கி எழுதித் தொகுதி போடுகிறவர்கள் மறுபக்கம். ஓர் இடத்தில் எந்தச் சொல் சாத்தியம், எது சாத்தியமில்லை, ஏன் என்ற கேள்வி இரு சாராருக்கும் எழுவதில்லை. சிறுவர்களுக்கான ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்ட ஒருவரிடம் நமக்குக் கற்க ஏதுமில்லை என்கிற நண்பர்கள், தங்கள் கடைசிக் கவிதையை எடுத்துவைத்து, அதில் எந்தச் சொல்லை ஏன் விலக்கினோம் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். அடுத்த இதழில் விவாதிக்கலாம்.